அடி வாங்குகிறவளுக்கு நோட்டீஸ் எதற்கு?

181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லும் நோட்டீஸ் எங்காவது கண்ணில் படும்போதெல்லாம் ஒரு பேச்சும் கூடவே வருகிறது: "இதெல்லாம் வீண் செலவு. அடி வாங்குகிறவளுக்கு அது தெரியாதா என்ன?"

அடி தெரியும். வீடு கணவன் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தாலும் அங்கே குடியிருக்கத் தனக்கு உரிமை உண்டு என்பது தெரியாது. ஸ்டேஷன் படியேறாமலே பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், வக்கீலும் இலவசம் என்பது தெரியாது. எல்லாம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். 77 பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

"நோட்டீஸை யார் படிக்கிறார்கள்?" பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்துக்குள் போய்ப் பாருங்கள். மூலம், பௌத்திரம், குடியை மறக்க மருந்து என்று சுவர் முழுக்க ஸ்டிக்கர். வெளியே சொல்லக் கூசுகிற சங்கதியை எங்கே ஒட்ட வேண்டும் என்று அந்த வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரசுத் துறைகளோ கலெக்டர் ஆபீஸ் வாசலில் அமைச்சர் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டுகின்றன. கணவன் ஓட்டும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவள் அதை எப்படி நின்று படிப்பாள்? பெண்கள் கழிப்பிடத்தில், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் அது. மூன்றே இலக்கம், எழுதிக்கொள்ளத் தேவையில்லை. கைப்பையில் சீட்டு அகப்பட்டால் அதற்கும் சேர்த்து அடி விழும்.

குடும்பத்தைப் பிரிக்கிறார்கள் என்பவர்களுக்கு: அந்தச் சட்டப்படி கிடைக்கும் பாதுகாப்பு ஆணை அடிக்காதே என்கிறது, விவாகரத்து செய் என்று சொல்வதில்லை. மேலும், நோட்டீஸ் அவளுக்கு மட்டுமானதல்ல. சத்தம் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது.

"கூப்பிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும்?" என்பதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 2021 ஜனவரியில், மருந்துக்கடையில் 'ஆனி' என்ற சங்கேதச் சொல்லைச் சொன்னால் போதும் என்று ஒரு திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற ஊழியர் தனி அறைக்குள் அழைத்துப்போய், போலீஸா உதவி மையமா என்று கேட்டு, போன் போட்டுத் தருவார். அங்கே போஸ்டருக்குப் பின்னால் ஆள் இருந்தது. நம் ஊரில் அதற்கு ஏற்ற இடம் ஆரம்ப சுகாதார நிலையம். கர்ப்பிணியோடு மாமியார் வந்தாலும், பிரஷர் பார்க்கிற நர்சம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிடலாம். கணவன் போனை வாங்கிப் பார்ப்பான் என்றால் நர்சம்மா போனிலிருந்தே பேச வைக்கலாம்.

ஆனால் கூப்பிட்டால் உதவ ஆள் இல்லை என்பதைக் காரணம் காட்டி, பாதுகாப்பு அலுவலரின் அலுவலகத்தைச் சரிசெய்த பிறகு விளம்பரம் செய்யலாம் என்பது சட்டத்துக்கே முரண். டிவி, வானொலி, பத்திரிகை வழியாகப் பரவலாகச் சொல், போலீஸ் உள்ளிட்ட அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடு என்று 11ஆம் பிரிவு அரசுக்கு இரண்டையும் சேர்த்தே கட்டளையிட்டிருக்கிறது.