பார்ன்ஸ் பிளேஸும் நாமும்

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்தார். 2008 மார்ச் 19இல் கொழும்பிலேயே காலமாகி, பொரளை கனத்தையில் அடக்கமானார். பார்ன்ஸ் பிளேஸில் அவர் குடியிருந்த வீடு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். இருந்தும் அவருடைய கதைகளை நாம் நம் வீடுகளுக்குக் கூட்டி வரவில்லை.

1973இல் வெளிவந்த அவருடைய ‘ரொந்தேவூ வித் ராமா’ நாவலில், 2131ஆம் ஆண்டு சூரிய மண்டலத்துக்குள் ஏதோ ஒன்று நுழைகிறது. கிரேக்க, ரோமப் பெயர்கள் தீர்ந்துபோனதால் அதற்கு ராமா என்று பெயர் வைக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் 50 கிலோமீற்றர் நீளத்தில் சுழலும் உருளை. வேற்றுலகத்தார் கட்டிய பழைய கலம். மனிதர்கள் இருட்டில் படிக்கட்டு வழியே உள்ளே இறங்குகிறார்கள். உட்சுவரைச் சுற்றி வளையமாக உறைந்து கிடக்கும் கடல், சூரியனை நெருங்க நெருங்க உருகுகிறது. சூறாவளி வரும் என்று எச்சரிக்கிற விஞ்ஞானியின் பெயர் பெரேரா! நம் தெருவுக்குத் தெரு கேட்கிற பெயர்.

விஞ்ஞானக் கதை நமக்குப் பிடிக்காமலும் இல்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கைமாறிக் கைமாறி வாசித்தோம். மொறட்டுவைக் கம்பஸுக்குப் பிள்ளை எடுபட்டால் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1979 முதல் 2002 வரை வேந்தராக இருந்தவர் கிளார்க். அவருடைய புத்தகத்தை மட்டும், ‘சோதினை முடியட்டும்’ என்று அலுமாரிக்கு மேலே வைத்தோம். சோதினை முடிந்தது, பிள்ளை விமானம் ஏறியது. யுத்தத்தைக் காரணம் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்திலும் ரியூஷனை நாம் விட்டதில்லை.

இதைவிட மனதை உறுத்துவது திருகோணமலை. 1956இல் கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் கடலுக்குள் இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். அடுத்த ஆண்டே கிளார்க் ஒரு புத்தகத்தில் அதைப் பதிந்தும் வைத்தார். பாசி மூடிய கல்லில் மனிதக் கைவேலையைத் தேடிப் பழகிய கண்தான் பிறகு ராமாவின் இருட்டுக்குள்ளும் இறங்கியது என்று நான் நம்புகிறேன். அதே மலைக்கு நாம் எத்தனை தடவை அர்ச்சனைத் தட்டோடு போயிருப்போம். பிள்ளைகளுக்கு இராவணன் வெட்டைக் காட்டினோம். கீழே தெரிந்த கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் பிந்திவிடவில்லை. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரியூஷனை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க இன்னொருவர் தமிழில் சொல்ல, முதல் அத்தியாயத்தைத் தொடங்குவோம். உருளைக்குள் கடல் எப்படிக் கொட்டாமல் நிற்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால், வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சுழற்றிக் காட்டுவோம்.