கோட்டைகளைப் புதுப்பித்தோம், லயங்களை?

இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் லீட்ஸ் என்றொரு கோட்டை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1520இல் பிரான்சுக்குப் புறப்பட்ட எட்டாம் ஹென்றி மன்னன் பரிவாரத்தோடு தங்கிச்சென்ற இடம். 1926இல் அதனை விலைக்கு வாங்கிய பெய்லி சீமாட்டி, பெரும்பொருள் செலவிட்டுப் புதுப்பித்தார். அக்கோட்டையின் சாயலிலேயே அப்புத்தளையில் 'அடிசம்' மாளிகை எழுந்தது என்பார்கள். 1931இல் அதைக் கட்டியவர் தோமஸ் விலியர்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பனித் தலைவர். இன்று அது துறவிகளின் மடம். கற்சுவரும் தேக்கு மரக் கதவும் பழுதின்றி நிற்கின்றன. நல்லது, நிற்கட்டும்.

அப்புத்தளையிலிருந்து அதிக தூரமில்லை, கொஸ்லாந்தை மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் குடியிருக்கத் தகாதது என்று ஆண்டுகள் பலவற்றுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலையகம் மீண்டும் உயிர்களைப் பறிகொடுத்தது.

ஒரே மலை, ஒரே மழை. ஆயினும் எது காப்பாற்றப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நுவரெலியாவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வாசஸ்தலம் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, 1990களில் நட்சத்திர விடுதியானது. பொகவந்தலாவையிலும் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலும் இருந்த பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் செல்வந்தப் பயணிகளை வரவேற்கின்றன. அவற்றுள் ஒன்றான 'தியன்சின்' 1888இல் கட்டப்பட்டது. நூற்றாண்டு கடந்த கட்டடத்தைப் பழைமை கெடாமல் திருத்தும் தச்சரும் கொத்தரும் பொறியியலாளரும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால், அதே காலத்து லயங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பாதை செங்குத்து, பணம் போதாது, நிலம் கிடைக்காது என்ற பல்லவி ஏன் பாடப்படுகிறது? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் மூன்று தலைமுறைகள் முடங்கிக் கிடப்பதை மட்டும் எந்தப் பொறியியலாலும் மாற்ற முடியாதா?

விருந்தினர்கள் வருவதால் வேலைவாய்ப்பு பெருகுகிறது, அந்நியச் செலாவணி கிடைக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், பங்களாவைப் புதுப்பித்ததை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த விருந்தினர் காலையில் சாளரத்தைத் திறந்து இரசிக்கும் பசுமை தானாக விளைந்ததல்ல. அதனை விளைவித்தவரின் வீட்டுக் கூரை, தேர்தலுக்குத் தேர்தல் கிடைக்கும் தகரத்தில் நிற்கிறது.

தடை பொறியியலில் இல்லை, உரிமையில் இருக்கிறது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசிடமே தங்கியது. லயத்தில் வாழ்பவருக்கோ காணி உறுதி இல்லை. ஓர் அறையை நீட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். கூரை ஒழுகினால் கம்பனி அரசைக் காட்டும். அரசு கம்பனியைக் காட்டும். தனக்குச் சொந்தமில்லாத சுவரை எவன் கடன்வாங்கித் திருத்துவான்?

பெரியவர்கள் வராமலும் இல்லை. 1927இல் காந்தி மலையகத்துக்கு வந்து தொழிலாளரிடையே பேசினார். 1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 2017 மே 12இல் நோர்வூட்டில் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். மாலைகள் விழுந்தன, கரவொலி எழுந்தது. இடையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்குபோட்டது. விருந்தாளிகளின் பெயர்கள் வரலாற்றில் ஏறின. வீட்டுக்காரர் பலரின் பெயர் இன்னும் ஓர் உறுதிப்பத்திரத்திலும் ஏறவில்லை.

லயங்களையெல்லாம் மரபுச் சின்னங்களாகப் பேணுங்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பளைப் பக்கத்தில் தொண்டு நிறுவனமொன்று செய்திருப்பதுபோல, ஒன்றிரண்டை அருங்காட்சியகமாக்கினால் போதும். வரும் தலைமுறை பார்த்து வெட்கப்படட்டும். மற்றவை இடிக்கப்பட வேண்டும். இடிப்பதற்கு முன், சரியாத நிலத்தில் தனி வீடும், அந்த வீட்டுக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் காணி உறுதியும் கொடுக்கப்பட வேண்டும். வீட்டைக் கொடுத்து உறுதியை நிறுத்திவைப்பது, லயத்துக்குப் புதுச் சாயம் பூசுவதேயன்றி வேறில்லை.

லீட்ஸ் கோட்டையைக் காப்பாற்றியவர் அதன் சொந்தக்காரர். மலையக மக்களையும் அவர்களுடைய வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஆக்கிப் பாருங்கள். புதுப்பிக்கும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.