கையெழுத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

சகோதரிகளே, வீட்டை விற்றுத் தருகிறேன் என்று வரும் தரகரிடம் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். "கமிஷன் எவ்வளவுங்க?" அவர் இரண்டு பர்சென்ட் என்பார், நாமும் தலையாட்டி விடுவோம். நீட்டுகிற காகிதத்தில் மற்றபடி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் நம் வீரபாண்டியில் எத்தனை பேர்?

எங்கள் வீதியில் ஒரு பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சீட்டுப் போட்டு, நகையை விற்றுத் தன் பேரில் வாங்கிய சின்ன வீட்டை மகள் படிப்புக்காக விற்கப் பார்க்கிறாள். "ஏனுங்க்கா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்" என்று ஒரு முத்திரைத்தாளைக் கொண்டு வந்தாள். கையில் ஐயாயிரம் கொடுத்து, போன மாதமே கையெழுத்து வாங்கியாகிவிட்டது! வீட்டை அந்தத் தரகர் மூலமாக மட்டுமே விற்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணனுக்கு விற்றாலும் அவருக்குக் கமிஷன். மனம் மாறினால் இரண்டு லட்சம் அபராதம். அவர் மட்டும் இந்த உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். எந்தத் தேதி வரை? அதைத்தான் காணோம். போதாக்குறைக்கு, "ஒரு பவரும் எழுதிக் குடுத்துருங்க" என்கிறாராம்.

நம்மூர் வித்தை மட்டுமல்ல இது. அமெரிக்காவில் எம்.வி. ரியால்ட்டி என்ற நிறுவனம், வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் டாலரைக் கொடுத்து, 40 வருஷத்துக்கு விற்பனை உரிமையை எழுதி வாங்கியது. 2022-ல் ஃப்ளோரிடா, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் மாநிலங்கள் அதன்மேல் வழக்குப் போட்டன.

நமக்கு என்ன வழி? 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே ஒரு விளக்கம் இருக்கிறது. நஷ்டத்துக்குப் பொருத்தமில்லாத அபராதம், நம் சம்மதமில்லாமல் நமக்குப் பாதகமாக இன்னொருவருக்கு மாற்றிவிடுவது எல்லாம் அதில் வருகின்றன. இவள் காகிதத்தைப் பார்த்தே எழுதினாற்போல! இப்படிப்பட்ட ஷரத்து செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இந்த அதிகாரம் கிடையாது. அங்கே போய் அலையாதீர்கள்.

அபராதத் தொகையைப் பார்த்தும் மிரள வேண்டாம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, காகிதத்தில் எத்தனை லட்சம் எழுதியிருந்தாலும் நியாயமான ஈட்டுத்தொகைக்கு மேல் கோர்ட் கொடுக்காது.

'ரெரா' சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். பதிவு செய்ய வேண்டிய புது மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்கும் தரகர்தான் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பழைய வீட்டை விற்றுத் தருபவர் அதில் சிக்க மாட்டார். எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது.

பவர் விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: "வேண்டாம் கண்ணு!" சாதாரண பவரை ரத்து செய்யலாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு, அந்தச் சொத்திலேயே அவருக்குப் பாத்தியதை இருக்கிறாற்போல எழுதிக் கொடுத்துவிட்டால், 202-வது பிரிவு குறுக்கே நிற்கும். அந்த ஐயாயிரத்தின் சூட்சுமம் அதில்தான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகவும், ஐயாயிரத்தைத் திருப்பித் தரத் தயார் என்றும் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொன்னேன். "வக்கீலுக்குக் காசுக்கு எங்கீங்க்கா போறது?" என்றாள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 1987-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100-க்கு போனும் பண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடிதத்தை எழுதினோம். நகல் ஒன்றைப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறாள்.