சுமையை அளந்து பார்ப்போம்

எங்கள் ரயில்வேயில் வேலையின் பளுவை அளக்க ஒரு முறை உண்டு. தொடர்ந்து 72 மணி நேரம் கணக்கிட்டு, சராசரியாகப் பணிநேரத்தில் பாதியேனும் வேலையின்றிக் கழிவது தெரிந்தால், அது இடைவிட்ட பணி எனப்படும். 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு வார வரம்பு 75 மணி. தொடர் பணிக்கு 54. கடும் பணிக்கு 45.

முறை நன்றே. ஆயினும், ஊர் பெருகி வண்டிகள் மிகுந்த பின்னும் கேட் காவலரின் பளுவை மறுபடி அளக்காவிடில், நேற்றைய நியாயம் இன்றைய அநீதியாகிவிடும்.

நம் சங்கத்தின் நிலை என்ன? புணேயில் வீடு வீடாகச் சென்று சந்தா திரட்டும் தொண்டர்களுள் ஒருவருக்கு 50 வீடு, இன்னொருவருக்கு 5. சலித்து விலகியவரைக் குறைகூறுமுன், அவர் ஏறி இறங்கிய படிகளை எண்ணினோமா? அடுத்த கூட்டத்தில் பட்டியலைப் பிரித்து வைப்போம்.