வாக்குறுதிக்கு விலை கூறும் கணிதம்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், கணிதப் பிரிவிற் பயின்ற பிள்ளைகளின் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகின்றது: "பொறியியற் பீடம் கிடைக்குமா?" கிடைக்காவிடின் விஞ்ஞான பீடத்தை ஆறுதற் பரிசாகக் கருதி, "பிறகு ஆசிரியத் தொழில்தானே" என்று பெருமூச்சு விடுகின்றனர். ஆசிரியத் தொழிலை இழிவாக எண்ணும் அப்பெருமூச்சு நமக்கு உடன்பாடன்று, அது நிற்க. கணிதம் கற்றோர்க்கு இவ்விரு வாயில்களே உள்ளன என்னும் எண்ணமும் பிழையானதே. இவ்வாரம் நிதிக் கணிதத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

பெயரைக் கேட்டதும் பேரேடும் ஐந்தொகையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், நடந்து முடிந்த வரவு செலவைப் பதிவது கணக்கியல். இனி நடக்கவிருப்பதற்கு இன்றே விலை குறிப்பது நிதிக் கணிதம். இருபது ஆண்டுகளின் பின் ஓர் இலட்சம் ரூபா தருவதாக ஒருவர் வாக்களிக்கின்றார். கூட்டுவட்டி 8 வீதமெனின் அவ்வாக்கின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 21,455 ரூபா. இது பாடசாலைக் கணக்கு. "இடையில் நான் இறப்பின் குடும்பத்துக்கு உடனே தருக" என்று ஒரு நிபந்தனை சேரின், நிகழ்தகவின்றி ஓரடியும் நகர இயலாது. வட்டியோ ஒரு நிலையில் நிற்பதன்று. 2022 இல் நம் நாட்டுத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியதை யாவரும் அறிவர். இருபதாண்டும் 30 வீதமே நீடிக்குமெனக் கொண்டால், அதே இலட்சத்தின் இன்றைய பெறுமதி 526 ரூபாவாகச் சுருங்கிவிடும்!

இக்கணிதம் பேராசையிற் பிறந்ததன்று. 1740களில் ஸ்கொத்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த வாலஸ், வெப்ஸ்டர் என்னும் இரு குருமார், இறந்த குருமாரின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நிதியம் அமைக்க முனைந்தனர். குருமார் ஏறத்தாழ 930 பேர். ஆண்டுதோறும் 27 பேர் இறப்பர். அவருள் 18 பேர் விதவைகளை விட்டுச் செல்வர் என்று கணித்து, அதற்கேற்பச் சந்தாவை வகுத்தனர். கணக்கைச் சரிபார்த்தவர் கொலின் மக்லோரின். மாணவர்கள் 'மக்லோரின் தொடர்' என்று படிப்பது அவர் பெயரையே.

இத்துறையை நாடுவோர் நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், பொருளியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இதற்கு வழியுண்டு. கற்றோர் வங்கிகளின் இடர் முகாமைப் பிரிவிலும், முதலீட்டு நிறுவனங்களிலும், காப்புறுதித் துறையிலும் பணி பெறலாம். இவற்றுள் 'ஆக்சுவரி' எனப்படும் காப்புறுதிக் கணிப்பாளர் பதவி தனிச் சிறப்புடையது. எனினும் பட்டம் மாத்திரம் ஒருவரை ஆக்சுவரியாக்காது. அதற்குரிய தொழிற் பரீட்சைகளைப் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் எழுதுகின்றனர். பகலில் அலுவலகம், இரவிற் புத்தகம் என்னும் அவ்வாழ்வைத் தாங்கும் பொறுமை யாவர்க்கும் வாய்ப்பதன்று.

கணக்கில் வல்லார் பணத்திற் தவறார் என்றும் எண்ணற்க. 1997 இல் நோபல் பரிசு பெற்ற மேர்ட்டன், ஷோல்ஸ் இருவரும் பங்காளராயிருந்த அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்று மறு ஆண்டே வீழ்ந்தது. அதனைத் தாங்கப் பதினான்கு வங்கிகளும் நிறுவனங்களும் ஏறத்தாழ 360 கோடி டொலர் இட நேர்ந்தது. சூத்திரம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கின்றதென்று கேட்கத் தெரியாத மாணவன், அதனை மனனஞ் செய்து பயனில்லை.

ஆகவே பெற்றோர், பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை நிரப்புமுன் பிள்ளையிடம் ஒன்று கேட்கலாம்: நிகழ்தகவுக் கணக்குகளை அவன் அல்லது அவள் விரும்பிச் செய்ததுண்டா, புள்ளிக்காகவே செய்ததா? செலவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலண்டன் வழிப் பரீட்சைகளின் கட்டணம் பவுணிற் செலுத்தப்படுவது. நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. பயிற்சிக்கு எடுக்கும் நிறுவனங்கள் சில அதனைத் தாமே ஏற்பதுண்டு. நியமனக் கடிதத்திற் கையொப்பமிடுமுன் இதனைக் கேட்டறிதல் நன்று, கேட்பதில் வெட்கமில்லை.