கையெழுத்துக்கு முன் தமிழைக் கேளுங்கள்!



தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்கிறது சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 153ஏ பிரிவு. நாம் செலவழிக்கும் நாணயத்தில் தமிழ் இருக்கிறது. தேக்காவில் எம்ஆர்டி நிலையப் பலகையில் தமிழ் இருக்கிறது. நமக்கும் பெருமைதான். ஆனால் உங்கள் மகனைக் கைது செய்து விசாரிக்கிறார்களே, அந்தச் சின்ன அறையில் தமிழ் இருக்கிறதா?

தங்கராஜு சுப்பையாவை அதற்குள் மறந்துவிட்டோமா? 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கியில் தூக்கிலிடப்பட்ட தமிழர். வயது 46. 1,017.9 கிராம் கஞ்சா கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. இரண்டு கைத்தொலைபேசி எண்களும் மற்றவர்களின் சாட்சியமும் அவரை அதனோடு இணைத்தன. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன், கிடைக்கவில்லை என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. இதை விசாரணையின்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறார், பிற்பாடு கொடுத்த வாக்குமூலங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார் என்பது காரணம். உள்துறை அமைச்சும் அதையே திருப்பிச் சொன்னது.

அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கேட்டாரா இல்லையா என்பதற்கு அந்த அறையில் யார் சாட்சி? அவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உயிர் போகும் வழக்கில் இப்படி ஒரு கேள்வி மிஞ்சலாமா?

சட்டம் என்ன சொல்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, வாக்குமூலத்தை எழுதி, வாசித்துக் காட்டி, ஆங்கிலம் புரியாதவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஆங்கிலம் புரிகிறதா என்பதை யார் முடிவு செய்வது? கடையில் சாமான் வாங்கும் ஆங்கிலம் வேறு, தூக்குக் கயிற்றுக்கு இட்டுச் செல்லும் ஆங்கிலம் வேறு!

அடுத்தது 23ஆம் பிரிவு. குற்றம் சாட்டும்போது ஓர் எச்சரிக்கை கொடுப்பார்கள். உன் தரப்பு நியாயத்தை இப்போது சொல்லாமல் நீதிமன்றத்தில் சொன்னால் நீதிபதி நம்பாமல் போகலாம் என்பது அதன் பொருள். பேசினால் எழுதிக்கொள்வார்கள். பேசாவிட்டால் பிறகு நம்பமாட்டார்கள். இதில் எது நல்லது என்று சொல்ல வழக்கறிஞர் வேண்டாமா? அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு வழக்கறிஞரை நாடும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது கைதான உடனே கிடைக்கும் உரிமை அல்ல, நியாயமான காலத்துக்குள் கிடைத்தால் போதும் என்று 2014இல் ஜேம்ஸ் ராஜ் ஆரோக்கியசாமி வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது. அந்தக் காலம் முடிவதற்குள் வாக்குமூலம் முடிந்துவிடுகிறதே! ஜோகூர் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள். மலேசியச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, சில விதிவிலக்குகள் தவிர, கேள்வி கேட்கும் முன்பே வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளலாம் என்று காவலர் சொல்லியாக வேண்டும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இதையெல்லாம் பத்திரிகைகள் உரக்கக் கேட்க வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளிதழ் நடத்த அரசின் உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் பொஃப்மா சட்டப்படி, செய்தி பொய் என்று முதலில் சொல்பவர் அமைச்சர். நீதிமன்றப் படி ஏறுவது அதற்குப் பிறகுதான். இந்த நிலையில் ஏழை வீட்டுக் கைதிக்காக யார் துணிந்து எழுதுவார்?

“போதைப்பொருள் நம் பிள்ளைகளையும்தானே அழிக்கிறது?” என்று கேட்பீர்கள். உண்மை. அதை நான் மறுக்கவில்லை. குற்றவாளி தண்டனை பெறட்டும். ஆனால் யார் குற்றவாளி என்பதைப் பிசகில்லாமல் கண்டுபிடிக்க வேண்டாமா? பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல ஆங்கிலமும் நல்ல வழக்கறிஞரும் உண்டு. துப்புரவு வேலை, கப்பல் பட்டறை வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன உண்டு?

பெற்றோர் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையெழுத்து விழுந்துவிட்டிருக்கும். ஆகவே இன்று இரவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாக்குமூலத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேள். ஒவ்வொரு முறையும் கேள். கேட்டதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல். முழுவதையும் தமிழில் வாசிக்கச் சொல். தவறு இருந்தால் மரியாதையோடு திருத்தச் சொல். கையெழுத்து அதற்குப் பிறகு!

அரசிடம் நாம் கேட்பதும் இரண்டே: கைதான முதல் மணி நேரத்திலேயே வழக்கறிஞர், மரண தண்டனை வழக்குகளில் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் காணொளிப் பதிவு. உங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்புக்குப் போய்க் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். நாணயத்தில் இருக்கும் தமிழ் விசாரணை அறைக்குள்ளும் வரட்டும்!