நாற்காலி தூக்கியவனுக்குப் பயிற்சி கிடையாது

செலியமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமைப் பண்புப் பயிற்சி நடந்தது. நடத்தியது ஒரு சேவைச் சங்கம். பெயர் சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை ஒன்றுதான். பாகூர் கொம்யூன் ஊர்களிலிருந்து நாற்பது ஐம்பது தொண்டர்கள் வந்திருந்தார்கள். காலேஜ் பையன்கள், ரெண்டு மூணு வாத்தியார், ஒரு உரக்கடைக்காரர், ஒரு ஃபைனான்ஸ்காரர். ரத்ததானப் பட்டியலில் என் பேர் இருந்ததால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நம்ம ரத்தம் அவங்களுக்கு ஆகும், அதில் சந்தேகம் இல்லை.

காலையில் வண்டியிலிருந்து நாற்காலி இறக்கியது பேட் பையன்கள் நாலு பேர். (எங்க பக்கத்தில் சேரியைப் பேட் என்றுதான் சொல்வது.) ஷாமியானா கட்டியதும் அவங்கதான், மத்தியானம் இலை எடுத்ததும் அவங்கதான். அதில் ஒருத்தன் பி.காம். முடித்தவன். "நீயும் வந்து உட்காரு தம்பி" என்றேன். "விடுங்கண்ணே, வேலை கெடக்கு" என்று போய்விட்டான். தேநீர் எல்லாருக்கும் பேப்பர் கப்பில். முன்னே நமக்கு மட்டும் தனிக்குவளை, இப்போ எல்லாமே தூக்கியெறிகிற குவளை. தீண்டாமையை ஒழிக்காமலே ஒழித்த மாதிரி காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

பயிற்சியாளர் வெளியூர்க்காரர். நல்ல குரல். பலூன் ஊதச் சொன்னார், காகிதத்தில் கோபுரம் கட்டச் சொன்னார். சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தலைவனாகிறவன் சூழ்நிலையைக் குறை சொல்ல மாட்டான், மாற வேண்டியது அவன் மனசு. நான் எழுந்து, "சார், பிணம் தூக்கிப்போகப் பாதை இல்லாத தெருவில் பிறந்தவன் சூழ்நிலையைக் குறை சொல்லாமல் வேற எதைச் சொல்லுவான்?" என்று கேட்டேன். "இங்கே அரசியல் வேண்டாம், இது சேவை" என்றார். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குத்தான் இந்தக் கட்டுரை.

அரசியல் வேண்டாத சேவை என்பது புதுச் சரக்கு அல்ல. 1932 செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம். அது முடிந்து ஆறே நாளில் பம்பாயில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு ஹரிஜன சேவக் சங்கம் என்று பேர் வாங்கியது அதுதான். பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். நவம்பர் 14-ல், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போகிற வழியில், கப்பலிலிருந்தே அண்ணல் அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார். தாழ்த்தப்பட்டவன் தாழ்ந்து கிடப்பதற்கு அவன் நடத்தைதான் காரணம் என்று நம்பி, மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று தனியாளைத் திருத்தப் போவது ஒரு வழி. சூழல்தான் அவனைப் போட்டு மிதிக்கிறது என்று கண்டு, கிணறு, பள்ளிக்கூடம், ஊர்ச்சாவடி, பொது வண்டி என்று உரிமைக்காக ஊர் ஊராக இறங்குவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் செய்யச் சொன்னார், அதில் அடிதடி வரும் என்பதையும் மறைக்கவில்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. 1945-ல் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். நிர்வாகத்தில் எங்களையும் சேருங்கள் என்று நம்மவர்கள் கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், ஆகவே நிர்வாகம் அவர்கள் கையில் என்றார் காந்தி. பாவம் அவங்களுது, பரிகாரமும் அவங்களுது. நாம் வெறும் சாமான்.

செலியமேட்டுப் பயிற்சியாளர் சொன்னது அந்த முதல் வழிதான், பலூன் மட்டும் புதுசு.

இந்தச் சங்கங்களின் பிறப்பையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ரோட்டரியை 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கினார். 1917-ல் லயன்ஸ், அதே சிகாகோ, மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரியின் ஆரம்பகால விதி. வக்கீல் ஒருத்தர், நிலக்கரி வியாபாரி ஒருத்தர், இப்படி. நடவு நடுகிறவளும் பறையடிக்கிறவனும் எந்தத் தொழில் கணக்கில் வருவார்கள்? பெண்களுக்கே 1989-ல்தான் கதவு திறந்தது. அதுவும் 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குட்டிய பிறகு.

போலியோவுக்கு ரோட்டரி பாடுபட்டதை நான் மறுக்கவில்லை. 2014-ல் இந்தியா போலியோ ஒழிந்த நாடு என்று சான்று வாங்கியதில் அவர்கள் பங்கு பெரிது. சொட்டு மருந்து சேரிக்கும் வந்தது. ஆனால் தோழர்களே, கிருமியை ஒழிக்கச் சேரிக்குள் வந்தே ஆக வேண்டும். சாதியை ஒழிக்க ஊர்த்தெருவுக்குள்தான் போக வேண்டும். அங்கே எந்தச் சங்கமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை.

தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தனம் என்றும் அகராதியில் பொருள் இருக்கிறது. பெரிய புராணத்துக்கே திருத்தொண்டர் புராணம் என்றுதான் பேர். ஆதனூர்ச் சேரியில் பிறந்த நந்தன், கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தான். உள்ளே வரணும் என்று ஆசைப்பட்டபோது தில்லையில் தீ மூட்டி அதில் இறங்கச் சொன்னார்கள். நம்மிடமிருந்து தொண்டை வாங்கிக்கொள்ள யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

தலைமை என்றால் எது என்று மேலவளவைக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனதும் அங்கே 1996-ல் நம்மாட்களைத் தேர்தலில் நிற்கவே விடவில்லை. அதையும் மீறி நின்று வென்ற முருகேசனை 1997 ஜூன் 30-ல், மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்புகிற வழியில், கூட வந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு மனசு மாறவில்லை என்றா வெட்டினார்கள்? நாற்காலியில் உட்கார்ந்தார், அதனால் வெட்டினார்கள்.

நம்ம புதுச்சேரியில் வெட்டவேண்டிய அவசியமே வரவில்லை. நாற்காலியையே போடாமல் விட்டார்கள். 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். முப்பத்தெட்டு வருசம்! ஒதுக்கீட்டில் நம்ம பெண்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்தது அதன் பிறகுதான். 2011-ல் அந்தக் காலமும் முடிந்தது. 2021-ல் தேதி குறித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இப்படிப் பூட்டி வைத்த மண்ணில் வந்து, தலைமை உனக்குள்ளே இருக்கு என்று ஒருத்தர் மைக்கில் சொல்கிறார். இதில் அரசியல் இல்லையாம்.

அன்று சாயங்காலம் எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நாலு பையன்களும் நாற்காலியை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் போய்க் கூட ஏற்றினேன். அப்போதுதான் பேச்சு வந்தது: பேட்டிலேயே ஒரு ஞாயிறு உட்காரலாம், 1973-ஆம் வருசத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தை எடுத்துப் படிக்கலாம், கொம்யூனுக்கு வரும் பணம் எந்தத் தெருவில் போய் நிற்கிறது என்று தகவல் கேட்டு மனுப் போடலாம் என்று. வரவு செலவுக் கணக்கைப் படித்துச் சொல்ல பி.காம். தம்பி ஒத்துக்கொண்டான். நாற்காலி அவங்க மாமா கடையில் வாடகைக்குக் கிடைக்குமாம். மாணவத் தோழர்கள் வரும்போது நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள்.